பூவுக்கு முந்திய பூமி

கார்த்திகேசுவின் மகள் அப்பாவைக் கிட்டே அண்டவிடுவதில்லை என்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை வரிசைக்கே தெரிந்த சங்கதி. தெரியாமல் எப்படி இருக்கும்? பள்ளி விட்டதும் நேரே கடைக்கு ஓடிவந்து, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை. அம்மா செத்த பிறகு ஒருநாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் "என்னண்ணே, பாப்பாவுக்கு எக்ஸாமா?" என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டபோது இருந்ததைவிடக் கேட்காமல் விட்ட பிறகுதான் கார்த்திகேசுவுக்கு அதிகம் வலித்தது.

"பத்து வயசு ஆச்சுல்ல தம்பி. பொம்பளப் புள்ளைங்க அப்படித்தான் ஒதுங்கும் லா," என்றார் வீரம்மா. கடையில் அவனோடு உட்கார்ந்து சரம் தொடுக்கிறவர். பேசுகிற வாயும் தொடுக்கிற விரலும் ஒரே வேகத்தில் ஓடும். அவர் சொன்னதை நம்ப அவனுக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் நடப்பது ஒதுங்குவது மாதிரி இல்லையே. அவன் கூடத்துக்குள் நுழைந்தால் விஷ்ணுப்ரியா அறைக்குள் போகிறாள். அவன் சோறு போட்டால் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு, இரண்டடி தள்ளிப்போய்த்தான் மூச்சு விடுகிறாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் முதுகுக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்காருகிறாள். அந்த இடத்தில் செத்துப்போன மனைவி ரமணி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே செந்தூல் வீட்டிலிருந்து மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவான். நினைப்புக்கு யார் வரி கேட்கப் போகிறார்கள்?

ரமணி போன வருடம் டிங்கிக் காய்ச்சலில் போனாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தாள். ஒரு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வந்தாள். பூக்கடைக்காரன் பெண்டாட்டியல்லவா, வரிசையில் ஒரு கடை பாக்கியில்லாமல் மாலை வந்து குவிந்தது. கார்த்திகேசு அழவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரையும் தொடவிடாமல், மல்லிகையும் சிவப்பு ரோஜாவுமாக ஆளுயர மாலை ஒன்றைத் தன் கையாலேயே கட்டினான். அழுகையெல்லாம் விரலுக்குள் இறங்கிப்போயிருந்தது. கால்மாட்டிலிருந்து கழுத்துவரை பூ, கழுத்துக்கு மேலும் பூ. "மகாராணி மாதிரி போறா," என்றார்கள் வந்தவர்கள். விஷ்ணுப்ரியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடப் போகிறாள் என்று யாரோ அவளைத் தூக்கி இறக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து கூடத்துச் சுவரில் மாட்டிய ரமணியின் படத்துக்குத் தினமும் புது மாலை. கடையில் எவ்வளவு வியாபாரம் ஆனாலும், முதல் மல்லிகையில் கட்டிய சரம் வீட்டுக்குத்தான். நேற்றைய மாலையைக் கழற்றி இன்றையதைப் போட்டு, ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவான். படத்தில் பாதியை மாலையே மூடியிருக்கும். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு முழம் பூவை மறந்துவிட்டுப் போன நாட்கள் எத்தனையோ உண்டு. இப்போது ஒருநாளும் மறப்பதில்லை. மனிதன் இப்படித்தான், காலம் கடந்துதான் ஒழுங்காகிறான்.

அவனுடைய அக்கா சீதாலெட்சுமி பக்கத்து ஊரான கிள்ளானில் இருக்கிறார். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டன, வீடு காலி. மாதத்துக்கு ஒருமுறை வந்து தம்பி மகளைப் பார்த்துவிட்டுப் போகிறவர், இந்த முறை உட்கார்ந்து பேசினார்.

"நீ விடிகாலைல பூ எடுக்கப் போயிடுற. சாயந்திரம் வர்ற. புள்ள தனியா கெடக்குது. என்கூட அனுப்புடா தம்பி. கிள்ளான்ல நல்ல ஸ்கூல் இருக்கு. ரமணியோட திதி முடியட்டும், நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவ போகமாட்டா க்கா," என்றான் கார்த்திகேசு, கொஞ்சம் கர்வமாகவே. எவ்வளவு தள்ளி நின்றாலும் பெற்ற மகளல்லவா.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "போறேன் அத்தை."

திதிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் மகளைத் திரும்பப் பெறவேண்டும். எதனால் இழந்தான் என்றே தெரியாதவன் எதைச் செய்து திரும்பப் பெறுவான்? அம்மாவைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டார் அப்பா என்று கோபமாக இருக்கும் என்று நினைத்தான். அதைக் கேட்கவும் பயம், ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அதற்கு அடுத்த வாரம் விஷ்ணுப்ரியா தானாக வந்து பேசினாள். வாசல் பக்கமாக, காற்று வருகிற இடத்தில் நின்றுகொண்டு, "அப்பா, கடைல காலிப் பெட்டி இருந்தா ஒண்ணு வேணும். பெருசு," என்றாள்.

விமானத்தில் மல்லிகை வந்திறங்கும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி, அன்றே கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதைக் குளியலறையில் வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுநாளும் கழுவினாள். பிறகு நான்காம் மாடி வராந்தாவில் வெயிலில் காயவைத்தாள். அவ்வப்போது போய் முகர்ந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். அம்மாவைப் போலச் சுத்தக்காரி என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

"எதுக்கும்மா பெட்டி?"

"ப்ராஜெக்ட்."

"எதைப் பத்தி?"

"டைனோசர் மொதமொதல்ல வந்த காலம்."

அவனுக்குத் தெரிந்த டைனோசர் ஷாப்பிங் மால் வாசலில் நின்று, பள்ளி விடுமுறையில் வாயைத் திறந்து திறந்து மூடும் ரப்பர் உருவம்தான். "வீடு மாதிரி பெருசா இருக்குமே, அதா? பெட்டி பத்துமா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. மொதல்ல வந்தது சின்னது. நம்ம ப்ளாக்குக்குக் கீழ படுத்துக் கெடக்குமே நாய், அவ்ளோதான். அப்ப முதலை மாதிரி இருந்ததுங்கதான் பெரியாளு. இது ரெண்டு காலுல ஓடி ஒளிஞ்சே பொழச்சுச்சு." பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த தடித்த புத்தகம் ஒன்று அவள் கையில் இருந்தது. ஆனால் அவள் அதைப் பார்க்காமலேதான் பேசினாள். "அப்ப எல்லா ஊரும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல செகப்பு மண்ணு, ஒண்ணுமே மொளைக்காது. அப்புறம் மழ பெய்ய ஆரம்பிச்சுச்சு. பத்து லட்சம் வருஷத்துக்கு மேல பெஞ்சுச்சு."

"பத்து லட்சம் வருஷமா! நம்ம கேஎல் மழை அரைமணி நேரத்துல ரோட்ட முழுகடிச்சுடுது. அவ்ளோ மழைய அதுங்க எப்படித் தாங்குச்சு?"

உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அது அவனுக்குப் போதும். அப்போது என்னென்ன செடி இருந்தது என்று இன்னும் கேட்டான்.

"பெரிய பெரிய ஃபெர்ன். பாசி. ஊசி எல உள்ள மரம், உயரமா. புல்லு கெடையாது. பறவ கெடையாது. தேனீ கெடையாது. பூ கெடையாது."

"பூவே கெடையாதா?"

"பூ வர்றதுக்கு இன்னும் பத்து கோடி வருஷம் ஆகும்."

"அப்ப நம்ம கடைய இழுத்து மூடிட்டு வேற வேலை பாக்கவேண்டியதுதான்," என்று கார்த்திகேசு சத்தமாகச் சிரித்தான். தனியாகத்தான் சிரித்தான்.

"அப்ப நல்லா இருந்துச்சுப்பா," என்றாள் விஷ்ணுப்ரியா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ன் செடி தேடிப் பத்துமலைக்குப் போனார்கள். கோயிலுக்கு அல்ல, மலைக்குப் பின்பக்கம், சுண்ணாம்புப் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து லோங்காங் கால்வாயில் விழுகிற இடத்துக்கு. முன்வாசலில் மாலைக்கடைகளைக் கண்டதும் அவள் சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கமாக நடந்தாள். வெயில் அந்தப் பக்கம்தான் அதிகம். கூடவே அவனும் வெயிலில் நடந்தான். கால்வாய்ச் சுவரில் பச்சைப் பசேலென்று விரல் நீளத்துக்கு ஃபெர்ன்கள் முளைத்திருந்தன. அவன் வேரோடு பெயர்த்துக் கொடுக்க, அவள் ஈரக் காகிதத்தில் சுற்றி, கையோடு கொண்டுவந்திருந்த தொட்டியில் வைத்தாள்.

"இந்தக் கல்லு டைனோசரவிட வயசானதுப்பா. கடலுக்கு அடியில இருந்துச்சு."

"முருகனவிடவா?"

"முருகனெல்லாம் ரொம்ப அப்புறம்தான்," என்றாள், முருகனை நேற்றுத்தான் வகுப்பில் சேர்த்த மாதிரி. அவன் சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டான். வருடம் முழுவதும் பேசாததை அவள் அன்று ஒரே பகலில் பேசினாள். கார்த்திகேசுவுக்கு மனம் நிறைந்துவிட்டது. திரும்பும்போது தொட்டியை அவனுக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. ஆனாலும் இப்போது அங்கே ஒரு செடியாவது இருக்கிறதே என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பெட்டிக்குள் பூமி உருவாயிற்று. அடுக்குமாடிக்குப் பின்னால் தோண்டிய செம்மண்ணைப் பிசைந்து அடுக்கு அடுக்காகப் போட்டாள். ஒரு பக்கம் வறண்ட மேடு, மறுபக்கம் நீலக் கண்ணாடித் தாளில் ஓர் ஆறு, கரையில் பத்துமலை ஃபெர்ன்கள். களிமண்ணில் இரண்டு காலில் ஓடும் குட்டி உருவங்கள் செய்து வைத்தாள். மெலிந்த கால், நீண்ட வால், எப்போதும் எதையோ பார்த்துப் பயந்தமாதிரி திரும்பிய கழுத்து. தினமும் தண்ணீர் தெளித்தாள். அவன் வேலை முடிந்து வந்ததும் தூரத்திலிருந்து பார்த்து, "அடேயப்பா" என்பான். அவளும் அறைக்குள் ஓடாமல் கொஞ்சநேரம் நிற்பாள். கிள்ளான் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இப்படியே போனால் அவள் மனம் மாறிவிடும் என்று அவன் நம்பத் தொடங்கினான்.

திதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கார்த்திகேசு மத்தியானமே கடையிலிருந்து கிளம்பினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூக்கடையை விட்டுப் போகிறவனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? வீரம்மா கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, "ஒடம்பு சரியில்லையா?" என்றார். "திதி முடிஞ்சதும் ப்ராஜெக்ட்டக் கொண்டுபோகணும்னு பாப்பா சொன்னா க்கா, திங்கக்கெழமையா இருக்கும். கொஞ்சம் அலங்காரம் பண்ணணும்," என்று ஒரு பொட்டலம் மல்லிகை மொட்டும் கொஞ்சம் கனகாம்பரமும் எடுத்துக்கொண்டு போனான்.

அவள் சொன்னதை அவன் மறந்தவனல்ல. பூ இல்லாத காலம் என்று நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் வைக்கப்போகிற ஒரு பொருளைப் பூ இல்லாமல் அனுப்ப அவன் கைக்குத் தெரியாது. பிறந்த பிள்ளையின் தொட்டிலோ, புதுக்கார் முகப்போ, கல்யாண மேடையோ, பாடையோ, பூ வைத்தால்தான் அவனுக்கு வேலை முடிந்த மாதிரி. பூ இல்லாத இடத்தைப் பார்த்தால் ஆளில்லாத வீடு மாதிரி வெறிச்சென்று இருக்கும். முதலில் பெட்டியின் விளிம்பைச் சுற்றி மட்டும் ஒரு சரம் ஒட்டினான். அது வெளியே இருக்கிற அலங்காரம், உள்ளே இருக்கிற காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு மொட்டு. ஃபெர்ன் நுனியில் இரண்டு. குட்டி டைனோசர் ஒன்றின் கழுத்தில், சின்னதாக, மாலை மாதிரி ஒரு வளையம். தள்ளி நின்று பார்த்தான். என்ன அழகு! மகள் வந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

திதிச் சமையலுக்காகக் கிள்ளானிலிருந்து வந்த சீதாலெட்சுமி, டியூஷன் வகுப்பிலிருந்து விஷ்ணுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவள் நின்றுவிட்டாள். படத்து மாலையைவிடப் பலமான வாசனை என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"யாரு வச்சா?"

"அப்பாதாம்மா. வெறிச்சுன்னு இருந்துச்சு. சும்மா ஒரு அழகுக்கு..."

அவள் கத்தவில்லை. ஒவ்வொரு மொட்டாகப் பிய்த்தாள். பசை போட்டு ஒட்டியிருந்ததால் பிய்க்கப் பிய்க்க ஃபெர்னும் கூடவே வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போகப் பார்த்தாள். ஈரமண் கனம் அவளுக்குத் தாங்கவில்லை. கை நழுவி, பெட்டியின் ஒரு மூலை தரையில் மோதி உடைந்து, செம்மண் கூடத்தில் சிதறியது. அப்போதுதான் அழுதாள்.

"அங்க பூ இல்லன்னு சொன்னேன்லப்பா! அங்க மட்டும்தான் இல்ல! அங்க செத்தா யாரும் மூஞ்சிய மூட மாட்டாங்க. மண்ணுதான் விழும். மண்ணு விழுந்தா எலும்பு அப்படியே இருக்கும். இருபத்துமூணு கோடி வருஷம் கழிச்சுத் தோண்டினாகூடக் கெடைக்கும். அம்மாவத்தான் எரிச்சுட்டீங்களே, எங்க தோண்டுறது? நீங்கதான் பூவாப் போட்டு மூடிட்டீங்க. நான் சேர்ல ஏறி ஏறிப் பாத்தேன், தெரியவே இல்ல. எறக்கி விட்டுட்டாங்க. இப்பக் கண்ண மூடுனா அம்மா மூஞ்சி வரலப்பா. பூதான் வருது. நீங்க கிட்ட வந்தாலும் பூதான் வருது."

கார்த்திகேசுவின் கையில் இன்னும் இரண்டு மொட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அத்தை, நாளைக்கே போலாமா?" என்றாள் விஷ்ணுப்ரியா.

"திதி முடியட்டும் கண்ணு," என்று மட்டும் சொன்னார் சீதாலெட்சுமி. தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில், தன்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தான் கார்த்திகேசு. வகுப்பாசிரியைக்குப் போன் போட்டு, பெட்டி தன்னால்தான் கெட்டுப்போனது, திங்கட்கிழமை கொண்டுவர முடியாது, பிள்ளைக்கு மார்க் குறைக்கவேண்டாம் என்று கெஞ்சினான்.

"எந்தப் பெட்டி சார்?" என்றார் ஆசிரியை. "சைன்ஸ் ப்ராஜெக்ட் முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சே. ப்ரியா பாட்டில்ல ராக்கெட் செஞ்சு குடுத்துட்டாளே. டைனோசரா? அப்படி எதுவும் நாங்க குடுக்கலயே சார்."

போனை வைத்தான். பள்ளிக்கூடத்துக்கு இல்லை. யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. பிறகு எதற்கு?

கூடத்தில் பெட்டி அப்படியே கிடந்தது. வாடிப் பழுப்பேறிய மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். சிதறிய மண்ணைக் கையால் அள்ளி உடைந்த மூலையில் போட்டு அடைக்கப் போனபோது, அடுக்குக்குள்ளே, ஆற்றுக்கும் கீழே, ஏதோ விரலில் தட்டியது. ரமணியின் தலைமுடிக் கிளிப். பல் ஒன்று உடைந்த பழைய பிளாஸ்டிக் கிளிப். அவள் போன மறுநாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் அதைப் பார்த்த ஞாபகம். அதன் பிறகு அது எங்கே போயிற்று என்று அவன் யோசித்ததே இல்லை. பல்லிடுக்கில் இரண்டு முடி சுற்றிக்கொண்டிருந்தது, மண்ணோடு.

தோண்டினால் கிடைக்கவேண்டும் என்று மகள் வைத்திருக்கிறாள். பூ வராத பூமியில், யாரும் மூடாத இடத்தில், அம்மாவில் மிச்சம் இருந்ததைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். கிளிப்பை இருந்த இடத்திலேயே வைத்தான். முடி அறுந்துவிடாமல் மெல்ல மண்ணைப் போட்டு மூடி, விரலால் அழுத்தினான். உடைந்த மூலையை வெள்ளை டேப்பால் சுற்றி ஒட்டினான். மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் முதல் வேலையாக ரமணியின் படத்திலிருந்த மாலையைக் கழற்றினான். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தான். புது மாலை போடவில்லை. வாழையிலையில் அவளுக்குப் பிடித்த புளிக்குழம்பும் வடையும் பாயாசமும் வைத்து, விளக்கேற்றினான். சொந்தக்காரர்கள் வந்தார்கள். பூக்கடைக்காரன் வீட்டுக்கு வெறுங்கையோடு வருவார்களா? ஆளுக்கொரு மாலை.

"மால வேணாம். வெளிய வச்சிடுங்க," என்றான் கார்த்திகேசு.

ரமணியின் மாமா ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. "என்னப்பா பேசுற? தலைத் திதிக்குப் படத்துல ஒரு பூ இல்லாமயா? ஊருக்கெல்லாம் மால கட்டிக் குடுக்குற, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு முழம் போடமாட்டியா?"

"அவ மூஞ்சி தெரியணும் மாமா."

"நல்லா இருக்குய்யா நியாயம்!"

அதற்குமேல் அவரைப் பேச சீதாலெட்சுமி விடவில்லை. எல்லோர் கையிலிருந்தும் மாலைகளை வாங்கி, வராந்தாவுக்குக் கொண்டுபோய், கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். கதவையும் சாத்தினார்.

கிள்ளானுக்குக் கட்டிய பையோடு விஷ்ணுப்ரியா அறையிலிருந்து வந்தாள். சாமி கும்பிடக் கூப்பிட்டார்கள் என்று வந்தவள், படத்துக்கு முன்னால் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் கும்பிட்டு முடித்து இலையில் தண்ணீர் தெளித்து நகர்ந்த பிறகும் அவள் நகரவில்லை.

"அம்மாவுக்கு இங்க ஒரு மச்சம்," என்றாள், கீழுதட்டுக்குக் கீழே தன் தாடையைத் தொட்டபடி.

கார்த்திகேசு பார்த்தான். ஆமாம். சின்ன மச்சம். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறான். மாலையின் விளிம்பு சரியாக அந்த இடத்தில் விழும். ஒரு வருடமாக அவனே அதை மூடி மூடி, அவனே மறந்துபோயிருந்தான். சுவரோடு சாய்ந்து, வந்தவர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், வாய்விட்டு அழுதான். அன்று விரலுக்குள் போன அழுகை அது. இப்போதுதான் வெளியே வர வழி தெரிந்தது.

சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் மகளிடம் கேட்டான். "கடைய விட்டுறட்டுமாம்மா? வேற வேலை பாத்துக்குறேன்."

அவள் யோசித்தாள். "வேணாம்ப்பா. வீரம்மா பாட்டி என்ன பண்ணுவாங்க?" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆனா எனக்கு இன்னும் நாறுதுப்பா. நான் வேணும்னு பண்ணல," என்றாள்.

"தெரியும்மா. நீ அத்தகூடப் போயிட்டு வா."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் உயிர் பாதி போய்விட்டது. ஆனால் வேறு எதைச் சொன்னாலும் அது மறுபடியும் அவள்மேல் போடும் ஒரு மாலையாகத்தான் இருக்கும்.

கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயிலுக்கு நின்றார்கள். கார்த்திகேசு எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்திருந்தான். கடைப்பக்கமே போகாத, அன்றுதான் உறை பிரித்த சட்டையாகப் பார்த்துப் போட்டிருந்தான். இருந்தாலும் விரலை என்ன செய்வது? நகக்கண்ணில் ஊறிய பூச்சாறு எந்தச் சோப்புக்கும் போவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன்மேல் பட்ட காற்று அவள் பக்கம் போகாதபடி தள்ளியே நின்றான்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்ப்பா. ஃபெர்ன்ல மூணு இன்னும் சாகல," என்றாள் விஷ்ணுப்ரியா. "தெனமும் தண்ணி தெளிங்க. அங்க மழ நிக்கக்கூடாது."

"தெளிக்கிறேன்."

"தோண்டாதீங்க."

"தோண்டமாட்டேன்ம்மா."

ரயில் வந்து நின்றது. சீதாலெட்சுமி பையை எடுத்துக்கொண்டு ஏறினார். விஷ்ணுப்ரியா இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். ஒரு பெரிய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் குதிக்கப்போகிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடி, அவன் நெஞ்சில் நெற்றியை வைத்தாள். மூச்சைப் பிடித்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவனும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கதவு மூடப்போகும் மணி அடித்தது. அவளால் முடியவில்லை, மூச்சை விட்டாள். விட்ட பிறகு இழுத்துத்தானே ஆகவேண்டும்? அவன் சட்டை வாசனையோடு சேர்த்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அவளை அணைத்துக்கொள்ள அவன் கையைக் கொண்டுவரவில்லை. ரயில் போன பிறகும் கைகளைப் பின்னால் கட்டியபடியே அங்கேயே நின்றிருந்தான்.